சிறுநீரின் அமிலத்தன்மையை மாற்றிக் கல்லைத் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எனக்கு முதல் முறை சிறுநீரகக் கல் வந்தபோது எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியவில்லை. விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடையிடுக்கு வரை இறங்குகிற வலியில் பெஞ்சில் சுருண்டு கிடக்கிறேன், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் "கல் மாதிரி ஒன்றும் இல்லையே, கேஸாக இருக்கும்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்தால், குழாயில் இறங்கிக்கொண்டிருந்த சின்னக் கல் ஒன்று, சிறுநீரகத்துக்குள்ளேயே 9 மி.மீ.க்கு இன்னொன்று. எக்ஸ்ரேயில் தெரியாமல் சிடியில் மட்டும் தெரிகிற கல் என்றால் அது யூரிக் அமிலக் கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சிறுநீரக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "யூரின் பிஎச் எவ்வளவு?" பிஎச் என்றால் அமிலத்தன்மையைச் சொல்கிற எண். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் ஒவ்வொன்றிலும் 5.0 என்று அச்சாகியிருக்கிறது. நான் எப்போதும் சர்க்கரை, புரதம் இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தவன்.

அந்த ஒரு எண்ணை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரைக் காரமாக்கினால், அதாவது அதன் அமிலத்தைக் குறைத்தால், கல் கரையும் என்பது பாதி உண்மை. ஒருவருக்குக் கல்லைக் கரைக்கிற அதே சிரப் இன்னொருவருக்குக் கல்லை வளர்த்துவிடும். அதனால் படி ஒன்றைத் தாண்டி யாரும் நேராகப் படி ஐந்துக்குப் போகாதீர்கள்.

படி 1: உங்கள் கல் எது?

பிஎச் 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது, அதனால் 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிற தூரம் சின்னதல்ல. ஒவ்வொரு வகைக் கல்லுக்கும் பிடித்த பிஎச் வேறு.

யூரிக் அமிலக் கல் 5.5-க்குக் கீழே உருவாகும். பிஎச் 5-ல் கரைவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் யூரிக் அமிலம் பிஎச் 7-ல் கரைந்தே இருக்கும். மருந்து குடித்தே கரைக்கக்கூடிய கற்களில் முதலிடம் இதற்குத்தான். இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வரும், "அப்ப எனக்கு இந்தக் கல் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பிரச்சினை யூரிக் அமிலத்தின் அளவில் இல்லை, சிறுநீர் அளவுக்கு மேல் அமிலமாக இருப்பதில்தான் இருக்கிறது. சர்க்கரை நோயும் தொப்பையும் உள்ளவர்களுக்கு, இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் சிறுநீரகம் அமோனியாவைப் போதுமான அளவு தயாரிப்பதில்லை. அமிலத்தைத் தாங்கிக்கொள்ள ஆளில்லாமல் பிஎச் தரைமட்டத்துக்குப் போய்விடும். என் கதை இதுதான்.

கால்சியம் ஆக்சலேட் கல்தான் எல்லாவற்றிலும் அதிகம் பேருக்கு வருவது. இது பிஎச் மாற்றத்துக்கு அவ்வளவாக அசையாது, எந்தச் சிரப்பாலும் கரையாது. ஆனால் காரம் கொடுக்கும்போது சிறுநீரில் சிட்ரேட் கூடும், சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு புதுக் கல் சேராமல் தடுக்கும். இருப்பது கரையாது, அடுத்தது தள்ளிப்போகலாம்.

கால்சியம் பாஸ்பேட் கல் தலைகீழ். பிஎச் 6.5-ஐத் தாண்டி 7 பக்கம் போகப் போக இது படியும். உங்கள் சிறுநீர் எப்போது பார்த்தாலும் 6.5, 7 என்றே இருக்கிறது, கல்லும் பாஸ்பேட் என்றால், சொந்தமாகக் காரம் சேர்ப்பது தீயில் எண்ணெய். சிலருக்குச் சிறுநீரகக் குழல் அமிலத்தை வெளியேற்ற முடியாத கோளாறு இருக்கும், அதனால் சிறுநீர் காரமாகவே நிற்கும். இன்னும் சிலர் வலிப்புக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ டோபிரமேட் மாத்திரை எடுப்பார்கள், அதுவும் இப்படிச் செய்யும். முதல் வகைக்கு மருத்துவர்கள் காரத்தையே மருந்தாகத் தருவது உண்டு, ஆனால் அது ரத்தப் பரிசோதனை பார்த்து எடுக்கிற முடிவு.

நோய்த்தொற்றால் வருகிற கல் இன்னொன்று. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கிச் சிறுநீரைக் காரமாக்கும், பிஎச் 7-க்கு மேலேயே நிற்கும், கல் மான்கொம்பு மாதிரி கிளைவிட்டுச் சிறுநீரகம் முழுக்கப் பரவும். இதற்குக் காரம் தரும் சிட்ரேட் சிரப் கூடவே கூடாது. கல்லை எடுக்க வேண்டும், கிருமிக்கு மருந்து வேண்டும். கடைசியாகச் சிஸ்டின் கல்: பரம்பரையாக, பெரும்பாலும் சின்ன வயதிலேயே வரும். அதற்கு 7-க்கு மேலே, 7.5 வரை கூடக் கொண்டுபோவார்கள், அது முழுக்க நிபுணர் வேலை.

சரி, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லைப் பிடியுங்கள். வலி இருக்கும் நாட்களில் சிறுநீரை ஒரு டீ வடிகட்டியில் மெல்லிய துணி போட்டு வடித்தே கழியுங்கள். மணல் மாதிரி வந்தாலும் எடுத்துக் காயவைத்துச் சின்ன டப்பாவில் போட்டு லேபில் கல் பகுப்பாய்வுக்குக் கொடுங்கள், அகச்சிவப்பு முறையில் பார்ப்பவர்களாக இருந்தால் நல்லது. கல்லை எடுத்த பிறகு "ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று டப்பாவில் கொடுப்பார்கள், அதை ஷோகேஸில் வைத்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அதை லேபுக்கு அனுப்பியிருந்தால் இரண்டாவது கல்லை மிச்சப்படுத்தியிருக்கலாம். கல் கையில் கிடைக்கவில்லை என்றால் சிடி ரிப்போர்ட்டில் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் பாருங்கள், கல் எவ்வளவு அடர்த்தி என்று சொல்கிற எண் அது. 500-க்குக் கீழே இருந்து, சிறுநீரும் எப்போதும் 5.5-க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலம் என்று மருத்துவர் சந்தேகப்படுவார்.

படி 2: அளக்கப் பழகுங்கள்

மருந்துக்கடையில் யூரின் ஸ்ட்ரிப் கேட்டால் பத்து விஷயம் பார்க்கிற பட்டையைத் தருவார்கள். பிஎச் மட்டும் பார்க்கிற பட்டை போதும், ஆனால் அது 4.5-லிருந்தோ 5-லிருந்தோ தொடங்க வேண்டும், அரை அரையாகவாவது வித்தியாசம் காட்ட வேண்டும். 5-ல் தொடங்கும் பட்டை "5.0" என்று காட்டினால் உண்மையில் 4.8 ஆகவும் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான கப்பில் பிடித்து உடனே பாருங்கள். பிடித்து வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் தப்பாகும், ஏனென்றால் வைத்த சிறுநீர் நேரம் ஆக ஆகக் காரமாகும். டப்பாவில் எத்தனை நொடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை நொடியில், வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னல் பக்கம் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்புக்கு அடியில் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். டப்பாவை இறுக்கி மூடுங்கள், ஈரம் பட்டால் பட்டை கெட்டுப்போகும்.

ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காலையில் எழுந்ததும் வருவதுதான் பொதுவாக அதிக அமிலம். சாப்பிட்ட பிறகு வயிறு அமிலம் சுரப்பதால் ரத்தத்தில் காரம் ஏறி, சிறுநீர் கொஞ்ச நேரம் மேலே போகும். மருந்து தொடங்கும் முன்னால் என் நோட்டில் இருந்த ஒரு நாள் கணக்கு:

காலை 6.10: 5.0
மதியம் 1.00, சாப்பாட்டுக்கு முன்: 5.5
மாலை 5.30: 5.5
இரவு 10.30: 5.0

இப்படி ஒரு வாரம் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டன், திங்கட்கிழமை காலை 5.0 என்று இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்தால் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

திரும்பத் திரும்பக் கல் வருகிறவர்கள் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருவது எல்லாம் கேனில், மறுநாள் அதே நேரம் வருகிற முதல் சிறுநீரும் சேர்த்து. நடுவில் ஒன்றை மறந்தால் கணக்கே தப்பு. அளவு, கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம், சிட்ரேட், சோடியம், கிரியேட்டினின், பிஎச் இவ்வளவும் வேண்டும். கேனில் முன்கூட்டியே அமிலம் ஊற்றியிருந்தால் பிஎச் அளவுக்கு அர்த்தம் இல்லை, லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: தண்ணீர், அதற்கு முன்னால் ஒரு ஏமாற்று

எந்தக் கல்லாக இருந்தாலும் முதல் மருந்து இதுதான். ஆனால் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கணக்குப் பார்ப்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள், ஏனென்றால் மே மாத வெயிலில் கட்டட வேலை செய்பவரும், ஓட்டல் அடுப்படியில் நிற்பவரும், ஏசி அறையில் இருப்பவரும் குடிக்கிற மூன்று லிட்டர் ஒன்றல்ல. இலக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர். லீவு நாள் ஒன்றில் பழைய ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து அளந்துவிடுங்கள், வெட்கம் ஒரு நாளைக்குத்தான். இத்தாலியில் 199 பேரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரை மட்டும் கூட்டியவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது, மற்றவர்களில் 27 சதவீதம். இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் கண்டிப்பாக வேண்டும், ராத்திரிதான் சிறுநீர் கெட்டியாகி அமிலமும் கூடுகிறது. எழுந்து போக வேண்டியிருக்கும், போங்கள், வரும்போது இன்னொரு அரை டம்ளர்.

இப்போது அந்த ஏமாற்று. "ஆல்கலைன் வாட்டர்" என்று இயந்திரம் விற்கிறார்களே, பிஎச் 9, 10 என்று. பிஎச் 10 உள்ள தண்ணீர் ஒரு லிட்டரில் இருக்கிற காரம், அதாவது ஹைட்ராக்சைடு, 0.1 மில்லி ஈக்விவலென்ட் (அமிலத்தையும் காரத்தையும் எண்ணுகிற அலகு). சிறுநீரைக் காரமாக்கத் தருகிற பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரை ஒன்றே ஒன்றில் 10. அந்த ஹைட்ராக்சைடை மட்டும் நம்பினால், ஒரு மாத்திரைக்குச் சமமாக நூறு லிட்டர் குடிக்க வேண்டும்.

படி 4: தட்டில் என்ன இருக்கிறது

மட்டன், கோழி, மீன், முட்டை இவற்றில் உள்ள புரதம் செரிக்கும்போது அமிலம் மிஞ்சும். அரிசியும் கோதுமையும்கூட லேசாக அந்தப் பக்கம்தான். காய்களும் பழங்களும் எதிர்ப்பக்கம், அவற்றில் உள்ள சிட்ரேட், மாலேட் உப்புகள் உடம்பில் பைகார்பனேட்டாக, அதாவது காரமாக, மாறும். அதனால் அசைவத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. துண்டைக் குறைத்து, சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பொரியலைக் கறியின் அளவுக்கு வையுங்கள். யூரிக் அமிலக் கல்காரர்கள் மட்டும் ஈரல், சுவரொட்டி, குடல், நெத்திலி, மத்தி, பீர் இவற்றில் கைவைக்காமல் இருந்தால் நல்லது. பீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு போகும் என்பது, பீர் குடிக்க விரும்புகிறவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்.

எலுமிச்சைக்கு வருவோம். எல்லோரும் சொல்வது: எலுமிச்சை புளிப்பு, ஆனால் உடம்புக்குள் போய்க் காரமாகிவிடும். அவ்வளவு எளிதில்லை. எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலமாகவே இருக்கிறது, சிட்ரேட்டைக் காரமாக மாற்றும்போது அதனோடு வருகிற அமிலமே அதைச் சமன் செய்துவிடும். ஆரஞ்சு, சாத்துக்குடியில் சிட்ரேட் பொட்டாசியத்தோடும் சேர்ந்து இருப்பதால் ஆரஞ்சுச் சாறு பிஎச்சை உண்மையிலேயே ஏற்றும், எலுமிச்சை சிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டுவதோடு நிற்கும். நான் இதைப் பட்டை வைத்துப் பார்த்தேன்: இரண்டு வாரம் தினம் இரண்டு எலுமிச்சை, பிஎச் கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனாலும் விடாமல் குடிக்கிறேன், அந்தச் சாக்கில் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறதே. உப்பு போடாதீர்கள், சர்க்கரையும் வேண்டாம். சாத்துக்குடியைப் பிழிந்து குடிக்காமல் பழமாகச் சாப்பிடுங்கள், அதுவும் சர்க்கரை நோய் இருந்தால் அளவாக.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சிறுநீர்ச் சிட்ரேட்டுக்கு நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அதே பொட்டாசியம் ஆபத்து. வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் மூன்றும் நம் ஊரில் கல்லடைப்புக்குப் பெயர் போனவை. எலிகளில் செய்த ஆய்வுகளில் வாழைத்தண்டுச் சாறு நல்ல பலன் காட்டியிருக்கிறது, ஆனால் 9 மி.மீ. கல்லை வாழைத்தண்டு உடைத்துவிடும் என்று நம்பி மூன்று மாதம் உட்காராதீர்கள். பொரியலாகச் சாப்பிடுங்கள், கூட்டாகச் சாப்பிடுங்கள், மோரில் அரைத்துக் குடியுங்கள், எல்லாம் சரிதான்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இந்த நாலைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. பால், தயிரை நிறுத்தாதீர்கள்! கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் பால் கூடாது என்று இன்னும் சொல்கிறார்கள். அதே இத்தாலியக் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். சாப்பாட்டோடு போகிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துவிடும். அதனால்தான் பாலக்கீரையைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. தக்காளி விதைதான் கல்லாகிறது என்பது கதை, தக்காளியில் ஆக்சலேட் குறைவு.

படி 5: காரம் தரும் மருந்து

உணவால் மட்டும் 5.0-லிருந்து 6.5-க்கு வருவது பெரும்பாலானவர்களுக்கு முடியாது. எனக்கு 5.5 வரை வந்தது. அதற்கு மேல் பொட்டாசியம் சிட்ரேட்தான். மாத்திரை 1080 மில்லிகிராம் என்றால் அது 10 மில்லி ஈக்விவலென்ட். பொட்டாசியம் சிட்ரேட்டும் சிட்ரிக் அமிலமும் கலந்த சிரப்பில் 5 மில்லிக்கு ஏறக்குறைய அதே அளவு. ஒரு நாளைக்கு 30 முதல் 60 மில்லி ஈக்விவலென்ட் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தருவது வழக்கம். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்த பிறகு. மாத்திரையைக் கடிக்காமல், சாப்பாட்டோடு விழுங்குங்கள். மெழுகு போன்ற அதன் கூடு அப்படியே மலத்தில் வந்தால் பயப்படாதீர்கள், மருந்து உள்ளே இறங்கிவிட்டது. சிரப்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்காமல் குடித்தால் வயிறு காட்டிக்கொடுக்கும்.

மருந்துக்கடையில் "நீர்க்கடுப்பு" என்று கேட்டால் எடுத்து நீட்டுவார்களே, அந்தச் சிரப் பெரும்பாலும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். அதுவும் பிஎச்சை ஏற்றும், ஆனால் 5 மில்லியிலேயே ஏறக்குறைய 250 மில்லிகிராம் சோடியம். 10 மில்லி மூன்று வேளை என்றால் 1500 மில்லிகிராம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய உப்பில் உள்ள சோடியத்தில் முக்கால் பங்கு சிரப்பிலேயே தீர்ந்துபோகிறது. இரண்டு நாள் எரிச்சலுக்குச் சரி, மாதக்கணக்கில் கல்லுக்கு என்றால் வேண்டாம். ஆப்பசோடா கரைத்துக் குடிப்பதும் இதே கதை, ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் இன்னும் மோசம்.

பொட்டாசியம் சிட்ரேட் யாருக்கு ஆகாது? சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் எடுப்பவர்களும் ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கக்கூடாது, இவையும் பொட்டாசியத்தை ஏற்றும். கடையில் "லோ சோடியம்" என்று விற்கிற உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும், இதில் விளையாட்டு வேண்டாம்.

படி 6: எங்கே நிறுத்துவது

நான் கோட்டைவிட்ட இடம் இது. 6.5 வந்ததும் கரைகிறது என்ற உற்சாகத்தில் சிரப்பை நானே கூட்டினேன், பட்டை பச்சையிலிருந்து நீலப்பச்சைக்குப் போனதைப் பார்த்துப் பெருமை வேறு. 7.5! யூரிக் அமிலத்துக்கு 6.5 பக்கத்திலேயே பெரும்பகுதி கரையும் நிலைக்கு வந்துவிடுகிறது, அதற்கு மேல் போவதில் லாபம் கொஞ்சம்தான். ஆனால் 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் படியத் தொடங்கும், பழைய கல்லின் மேலேயே ஓடு மாதிரி மூடிவிட்டால் உள்ளே இருப்பது கரையவே கரையாது. மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "கல்லுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்றார்.

இருக்கிற யூரிக் அமிலக் கல்லைக் கரைக்க 6.5 முதல் 7 வரை, கரைந்த பிறகு மறுபடி வராமல் காக்க 6.2 முதல் 6.8 வரை, இதுதான் வரம்பு. கால்சியம் ஆக்சலேட்காரர்கள் 6.5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. காலை ஒருவேளை மட்டும் 5.5 என்று விழுந்தால் மொத்த அளவைக் கூட்டாமல், இரவு வேளையின் பங்கை மாற்றலாமா என்று கேளுங்கள். எந்த மாற்றத்துக்கும் மூன்று நாலு நாள் கொடுத்துவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். மருந்து கூட்டாமலே பிஎச் திடீரென்று 8-ல் நிற்கிறது, சிறுநீர் நாற்றமடிக்கிறது, எரிகிறது என்றால் அது உங்கள் சாமர்த்தியம் இல்லை, தொற்று. எந்தக் கிருமி என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அமிலமாக்குவது பற்றியும் கேட்பார்கள், பாஸ்பேட் கல்லும் தொற்றுக் கல்லும் உள்ளவர்கள். மெத்தியோனின், அம்மோனியம் குளோரைடு என்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் வீட்டில் செய்கிற வேலை இல்லை. விட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போட்டால் அது ஆக்சலேட்டாக மாறி வேறு கல்லைக் கொண்டுவரும்.

படி 7: தொடர்ந்து பார்ப்பது

கரைவதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். என் 9 மி.மீ. கல் ஆறு வாரத்தில் 5 ஆனது, நாலாவது மாத ஸ்கேனில் இல்லை. மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் ரத்தப் பொட்டாசியம், ஆறு வாரம் பக்கம் ஸ்கேன், பிஎச் நிலைக்கும் வரை தினம் பட்டை. இப்போது நான் வாரம் இரண்டு நாள் மட்டும் பார்க்கிறேன், காலையும் இரவும். கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு அடுத்த நாள் கூடுதலாக ஒன்று. மூன்று மாதம் பட்டையில் நல்ல எண் வந்தும் கல் சுருங்கவில்லை என்றால் அது யூரிக் அமிலம் மட்டும் இல்லை, கலப்புக் கல்லாக இருக்கலாம், மறுபடி படி 1.

இதற்கு நடுவில் குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றாலோ, வாந்தியால் தண்ணீர்கூட தங்கவில்லை என்றாலோ, ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவராகவோ கர்ப்பிணியாகவோ இருந்து கல்வலி வந்தாலோ, பட்டையையும் நோட்டையும் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணி என்றாலும் சரி.